வேண்டுவது யார்?

'செய்யும்' என்னும் வாய்பாட்டு வினைமுற்றுக்குத் தமிழ் இலக்கணம் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. அது அவன், அவள், அது, அவை என்னும் படர்க்கை நான்குக்கே உரியது. பலர்பாலுக்கும் முன்னிலைக்கும் தன்மைக்கும் வராது. தொல்காப்பியமும் சொல்லும் விதி இது, நன்னூலும் சொல்லும் விதி இது. 'குதிரை ஓடும்' என்கிறோம். 'நான் ஓடும்', 'நீங்கள் ஓடும்' என்பதில்லை. ஆனால் 'நான் ஓட வேண்டும்', 'நீ ஓட வேண்டும்', 'அவர்கள் ஓட வேண்டும்' என்று தடையில்லாமல் சொல்கிறோம். வேண்டும் என்பதும் வடிவில் செய்யும் என் முற்றுதான். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இதைக் கவனித்து, வேண்டும், தகும், படும் ஆகிய மூன்றும் இருதிணை ஐம்பால் மூவிடங்களுக்கும் பொதுவாக வரும் என்று தம் இலக்கணச் சுருக்கத்தில் தனியே குறித்துவைத்தார்.

விலக்கு என்று குறித்தாயிற்று. அதன் காரணத்தைத் தேடினால் மனிதர் தம் கடமைகளை எப்படி மொழியில் ஏற்றுகிறார்கள் என்ற பெரிய கேள்வியில் போய் நிற்போம். 'நான் ஓட வேண்டும்' என்பதில் 'நான்' ஓட்டத்துக்கு உரியவன். வேண்டுதலுக்கு உரியவர் யார் என்று வாக்கியம் சொல்லவில்லை. ஓடுதல் வேண்டப்படுகிறது, அவ்வளவே. வேண்டுகிறவர் ஆசிரியராக இருக்கலாம், சட்டமாக இருக்கலாம், துரத்தும் நாயாக இருக்கலாம், என் உடம்பாகவும் இருக்கலாம். அவர் இருக்கும் இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது. வேண்டும் யாரோடும் இயைந்து விகுதி மாறாததற்கும், எல்லோருக்கும் பொதுவாக வருவதற்கும் காரணம் இதுவே என்பது என் துணிபு.

இந்தச் சொல் பிறப்பால் ஆசைச் சொல். குறளின் நான்காம் பாட்டில் வேண்டுதல் என்பது விருப்பு, வேண்டாமை என்பது வெறுப்பு. கோயிலில் வைக்கும் வேண்டுதலில் இன்றும் அந்தப் பொருள் இருக்கிறது. நெருக்கமானவர் வேண்டியவர், பகையானவர் வேண்டாதவர். 'வேண்டுமென்றே செய்தான்' என்றால் மனமறிந்து, விரும்பிச் செய்தான் என்று பொருள். கடமைக்காகச் செய்தான் என்று யாரும் கொள்வதில்லை. 'மழை பெய்ய வேண்டும்' என்று உழவர் சொல்லும்போது மழைக்கு அவர் ஒரு கடமையை விதிக்கவில்லை. விருப்பமும் கட்டாயமும் இப்படி ஒரே சொல்லில் அருகருகே குடியிருக்கின்றன.

இரண்டையும் பிரித்துக் காட்ட விரும்பினால் பேச்சுத் தமிழ் வேற்றுமையைப் பயன்படுத்துகிறது. 'நான் தூங்கணும்' என்பதில் கட்டாயம் ஓங்கி நிற்கிறது: நாளை காலையில் வேலை இருக்கிறது. 'எனக்குத் தூங்கணும்' என்றால் உடம்பு கேட்கிறது, மனம் கேட்கிறது. நான்காம் வேற்றுமை வந்ததும் வேண்டுகிறவர் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறார். எல்லா வட்டாரத்திலும் இந்தக் கோடு ஒரே அழுத்தத்தில் இல்லை; 'நான் டாக்டர் ஆகணும்' என்று ஆசையையும் எழுவாயோடு சொல்கிற குழந்தைகள் உண்டு. ஆனாலும் சிங்களத்தில் இதற்கு இணையான பிரிவு இருப்பது கவனிக்கத்தக்கது. அங்கே 'மட யன்ன ஓனே' என்று நான்காம் வேற்றுமையில் சொன்னால் போக விரும்புகிறேன் என்றும், 'மம யன்ன ஓனே' என்று எழுவாயில் சொன்னால் போக வேண்டியவன் என்றும் பொருள் சாய்கிறது. நெடுங்காலம் பக்கத்தில் வாழும் மொழிகள் சொற்களோடு வாக்கிய அமைப்பையும் பகிர்ந்துகொள்கின்றன.

ஆசையிலிருந்து கட்டாயத்துக்கு வந்த வழி தமிழுக்கு மட்டும் உரியதன்று. இந்தியின் 'சாஹியே' விரும்புதல் என்னும் 'சாஹ்னா'வின் பிள்ளை. 'முஜே ஜானா சாஹியே' என்பதில் போகிறவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். மலையாளத்தில் வேணம் தேய்ந்து வினையோடு ஒட்டிப் 'போகணம்' ஆயிற்று. நம் பேச்சில் வேண்டும் வேணுமாகி 'போகணும்' ஆயிற்று. கொங்கிலும் ஈழத்திலும் 'போகோணும்'. தனிவினையாக இருந்தது துணைவினையாகி, துணைவினை விகுதியளவுக்குச் சிறுத்துவிட்டது. கன்னடத்தில் 'ஹோகபேகு', தெலுங்கில் பழைய 'வலெனு' தேய்ந்து இன்று வழங்கும் '-ஆலி' என்று அண்டை மொழிகளும் கட்டாயத்தை வினையின் வாலில் ஏற்றிவைத்திருக்கின்றன. அடிக்கடி சொல்லப்படும் எதுவும் தேய்கிறது. கட்டாயத்தை நாம் எவ்வளவு அடிக்கடி சொல்கிறோம் என்பதற்கு இந்தத் தேய்மானமே சான்று.

வேறு மொழிகள் வேறு வாசல்களால் வந்தன. பிரெஞ்சு 'இல் ஃபோ' குறைபடுதல் என்ற பொருளில் தொடங்கியது: ஒன்று குறைகிறது, ஆகவே அது வேண்டும். ஐரிஷ் மொழியில் 'டா ஓரம்' என்றால் 'என்மேல் இருக்கிறது'. போக வேண்டியது என்மேல் ஏறி நிற்கிறது. ஃபின்னியத்தில் கடமைக்குரியவர் ஆறாம் வேற்றுமையிலும், ரஷ்ய மொழியில் நான்காம் வேற்றுமையிலும் வருகிறார். இந்தியில் இன்னொரு வடிவமான 'ஜானா படா' என்பதில் 'விழுதல்' என்னும் வினை இருக்கிறது. போகும்படி தலையில் வந்து விழுந்தது. எல்லாவற்றிலும் வியப்பானது ஆங்கில 'மஸ்ட்'. அதன் மூலமான பழைய ஆங்கில 'மோட்டன்' அனுமதியைக் குறித்த சொல். 'செய்யலாம்' என்றிருந்தது காலப்போக்கில் 'செய்தே ஆக வேண்டும்' என்று இறுகிவிட்டது. மேலதிகாரி 'நீங்கள் போகலாம்' என்று சொன்னால் அது கட்டளையாகிவிடுவதை அலுவலகத்தில் வேலை பார்த்த எவரும் அறிவார்கள். ஒரு மொழியே அந்த வழியில் நடந்திருக்கிறது.

ஆனால் உலகெங்கும் மிக உறுதியாகத் தடம் பதித்த வாசல் கடன். ஆங்கில 'ஆட்' என்பது கடன்படுதலைக் குறிக்கும் 'ஓ' என்ற வினையின் பழைய இறந்தகாலம். 'ஷல்' என்பதும் கடன்பட்டிருத்தலில் தொடங்கியது. அதன் ஜெர்மன் உறவான 'ஷுல்ட்' இன்றும் கடனையும் குற்றத்தையும் சேர்த்தே குறிக்கிறது. பிரெஞ்சு 'துவார்' லத்தீன் 'தெபேரே'யின் வழிவந்தது. பிறரிடமிருந்து பெற்றதை வைத்திருத்தல் அதன் அடிப்பொருள். தமிழும் இந்த வரிசையில் நிற்கிறது. வாங்கிய பணமும் கடன், செய்ய வேண்டிய செயலும் கடன். கடமை என்ற சொல் சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலவரியின் பெயர்.

புறநானூற்றில் பொன்முடியார் பாடிய 312ஆம் பாட்டை இந்தக் கண்ணோடு படித்துப் பார்க்கலாம். தாய், தந்தை, கொல்லன், வேந்தன், இளைஞன் என்று ஐவரின் கடமைகள் வரிசையாக வருகின்றன. அதில் வேண்டும் என்ற சொல்லே கிடையாது. செயலுக்குத் தொழிற்பெயர், ஆளுக்கு நான்காம் வேற்றுமை, முடிவில் கடன்: இதுவே அமைப்பு. தாய் மட்டும் தன்னைச் சொல்லும்போது 'எனக்கு' என்னாமல் 'என்' என்கிறாள். மற்ற நால்வருக்கும் 'கு' உருபு. ஒவ்வொரு கடமைக்கும் ஓர் ஆள், ஒவ்வோர் ஆளும் பெயரோடு. இலக்கண அமைப்பே ஒரு சமூக ஏற்பாட்டை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் இடம் தமிழில் வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

கடன் என்பதன் உறவான வினையும் இருந்தது: கடவேன், கடவாய், கடவோம். நந்தா விளக்குக்கான சோழர் காலக் கொடைகளை எடுத்துக்கொள்வோம். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது அக்காலக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் அளவு. ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர்கள் கோயிலுக்கு நாள்தோறும் நெய் அளக்கப் பொறுப்பேற்றார்கள். இத்தகைய பொறுப்பேற்பைக் கல்வெட்டு மொழி 'கடவோம்' என்று எழுதும். கையில் வாங்கிய ஆடுகளுக்கு ஈடான கடன் அது. பொருளாதாரக் கடனும் இலக்கணக் கடமையும் ஒரே வினையில் சந்திக்கின்றன. அந்த வினையில் 'ஓம்' விகுதி இருக்கிறது. நாங்கள்தான் கடன்பட்டவர்கள் என்று விகுதியே கையெழுத்திடுகிறது.

பேச்சில் இந்த வினை இன்று இல்லை. கிறித்தவ வேத மொழிபெயர்ப்பின் 'கடவாய்', 'கடவது' வழியாகவும் சில பழைய சடங்குச் சொற்கள் வழியாகவும் காதில் விழுவதோடு சரி. இடம் காட்டிய கடவோம் மறைந்து, இடம் காட்டாத வேண்டும் எங்கும் பரவியது. தமிழ் பெற்றது சுருக்கம், எங்கும் பொருந்தும் வசதி. இழந்தது விகுதியில் இருந்த கையெழுத்து.

வேண்டுகிறவர் யார் என்ற கேள்வியை வடமொழி மரபு வேறு கோணத்தில் மிகக் கடுமையாகத் துருவியது. பாணினி தம் 3.3.161ஆம் சூத்திரத்தில் 'லிங்' என்னும் வினைவடிவத்துக்கு ஆறு பொருள்களைத் தருகிறார். அவற்றில் நிமந்திரணம், ஆமந்திரணம் என்று அழைப்பே இரண்டாகிறது. மறுக்க முடியாத அழைப்பு முன்னது. வருவதும் வராததும் அழைக்கப்பட்டவர் விருப்பம் என்பது பின்னது. இவ்வளவு நுட்பமான வேறுபாடுகள் ஒரே வடிவத்தில் அடங்கும் என்றால், கேட்பவரைச் செயலுக்குத் தள்ளுவது எது? வேத விதிகளை ஆராய்ந்த மீமாம்சகர்கள் பல நூற்றாண்டுகள் இதை வாதிட்டார்கள். கேட்பவரைச் செயலில் முனைய வைக்கும் ஆற்றல் சொல்லுக்கே உண்டு என்றார் குமாரிலர். அதற்குப் பாவனை என்று பெயரிட்டார். பலனை எதிர்பாராத ஏவலே பொருள், அது நியோகம் என்றது பிரபாகரர் மரபு. மண்டன மிச்ரர் விதிவிவேகத்தில் மூன்றாவது விடை தந்தார்: விரும்பிய ஒன்றுக்கு இந்தச் செயல் வழி என்று அறிவிப்பதே விதி. இஷ்டசாதனதை என்று இந்தக் கருத்து அறியப்படுகிறது. தமிழ்ச் சொல்லின் வரலாறு மண்டனர் பக்கமே சாய்கிறது. 'செய்ய வேண்டும்' என்பதற்குள் யாரோ ஒருவரின் இஷ்டம் எப்போதும் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் ஆங்கேலிகா கிராட்சர் இதே இடத்தைப் பொருண்மையியலில் தொட்டார். 'மஸ்ட்' போன்ற சொல்லுக்குப் பல அர்த்தங்கள் இல்லை, ஓர் அர்த்தமே உண்டு. எதன் பின்னணியில் சொல்லப்படுகிறது என்பது மாறுகிறது என்று 1977இல் எழுதினார். தமிழில் அந்தப் பின்னணிக்குத் தனி உருபே இருக்கிறது. 'சட்டப்படி வரி கட்ட வேண்டும்', 'மருத்துவர் சொன்னபடி நடக்க வேண்டும்', 'கணக்குப்படி ஐந்து மிஞ்ச வேண்டும்': 'படி' என்பது வேண்டுகிறவரின் காலி இடத்தை நிரப்புகிறது. மூன்றாம் வாக்கியத்தில் கடமையே இல்லை, இருப்பது ஊகம். 'அவர் இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்' என்பதும் இருபொருள்படும்: போயிருப்பார் என்ற கணிப்பு, போகாமல் இருந்துவிட்டாரே என்ற குறை. லாம் விகுதியும் அப்படியே: 'நீ போகலாம்' அனுமதி, 'மழை வரலாம்' வாய்ப்பு.

கடமையும் ஊகமும் ஒரே வடிவத்தைப் பகிர்வது எல்லா மொழிக்கும் இயல்பு என்று நினைத்தால் தவறு. யோஹான் வான் டெர் ஆவெராவும் ஆந்திரியாஸ் அம்மனும் 207 மொழிகளை ஒப்பிட்டார்கள். வாய்ப்பு, கட்டாயம் இரண்டிலுமே இந்தப் பகிர்வு உள்ளவை 36 மட்டும். 105 மொழிகளில் பகிர்வே இல்லை. முழுப் பகிர்வு ஐரோப்பாவில் அடர்த்தி. கட்டாயத்துக்கென்று தனி அடையாளம் எல்லா மொழியிலும் இருக்கும் என்பதும் உறுதியில்லை. வட அமெரிக்காவின் நெஸ் பெர்ஸ் மொழியில் ஒரு விகுதி 'முடியும்' என்றும் 'வேண்டும்' என்றும் பெயர்க்கத்தக்கதாக இருக்கிறது. ஏமி ரோஸ் டீல் 2011இல் வெளியிட்ட ஆய்வில், அடிப்படையில் அது வாய்ப்பை மட்டும் குறிக்கும் விகுதி என்று காட்டினார். அதற்கு எதிர்நிற்க வலிய கட்டாய விகுதி ஒன்று அம்மொழியில் இல்லாததால் அதுவே இரண்டு இடத்திலும் பொருந்துகிறது. அம்மொழி பேசுவோருக்குக் கடமை உணர்வு குறைவு என்று இதைக்கொண்டு யாராவது முடிவு கட்டினால் அது அறிவீனம். இலக்கணத்தில் பிரிக்காததைச் சூழல் பிரித்துத் தருகிறது.

எதிர்மறைக்கு வருவோம். கட்டாய இலக்கணத்தின் மெய்யான சோதனைக்களம் அதுதான். 'செய்ய வேண்டும்' என்பதை மறுத்தால் இரண்டு விடைகள் வரலாம்: செய்வது கட்டாயமில்லை, செய்யாமலிருப்பது கட்டாயம். ஆங்கில 'மஸ்ட் நாட்' இரண்டாவது. அதன் உடன்பிறப்பான ஜெர்மன் 'மூசன்' எதிர்மறை ஏற்றால் முதலாவது. ஒரே மூலத்துச் சொற்கள், ஒரே எதிர்மறை, பொருள் நேரெதிர். பிரெஞ்சில் 'இல் ஃபோ' மறுக்கப்பட்டால் பொதுவாகத் தடையாகிறது.

தமிழ் இதைச் சொற்களாலேயே பிரித்தது. 'செய்ய வேண்டியதில்லை' கட்டாயத்தை நீக்குகிறது. 'செய்யக் கூடாது' தடுக்கிறது. கூடாது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஒரு தருக்கமே தெரிகிறது. கூடும் என்பது இயலும், நேரலாம் என்ற வாய்ப்புச் சொல்: 'வரக்கூடும்'. அதை மறுத்தால் தடை. விலக்கப்பட்டது என்றால் அனுமதிக்கப்படாதது. கடமை என்றால் செய்யாமலிருக்க அனுமதியில்லாதது. பின்லாந்தின் கேயார்க் ஹென்றிக் வான் ரைட் 1951இல் வெளியிட்ட கடமைத் தருக்கம் இந்த இணைப்பின்மேல் கட்டப்பட்டது. ஜப்பானியர் இதன் மறுபாதியை அன்றாடம் பேசுகிறார்கள்: அவர்களின் வழக்கமான கட்டாய வடிவம் 'செய்யாவிட்டால் ஆகாது' என்ற இரட்டை எதிர்மறை. தமிழிலும் 'போகாமல் முடியாது' உண்டு.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வேண்டாம்தான் சிக்கல். பழைய வேண்டா விருப்பமின்மையையும் தேவையின்மையையும் குறித்தது. இன்றைய பேச்சில் அது பணிவான தடை. 'அவரைக் கூப்பிட வேண்டாம்' என்றால் கூப்பிடுவது அவசியமில்லையா, கூப்பிடவே கூடாதா? வீட்டில் குரல் சொல்லிவிடும். சுவரில் ஒட்டிய தாளுக்குக் குரல் கிடையாது. மருந்து அட்டையிலும் மின்பெட்டியிலும் 'வேண்டாம்' என்று எழுதுவது மரியாதை கருதித்தான். ஆனால் உயிர் போகும் இடத்தில் மரியாதையைவிடத் தெளிவு பெரிது. அங்கே கூடாது என்ற சொல்லுக்கு மாற்றில்லை.

கட்டாயச் சொல்லின் தெளிவுக்காகப் பிறர் மெனக்கெட்டிருக்கிறார்கள். இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதுவோருக்காக 1997இல் ஸ்காட் பிராட்னர் ஒரு குறிப்பு வெளியிட்டார்: 'மஸ்ட்', 'ஷுட்', 'மே' ஆகியவற்றுக்கு எவ்வளவு வலு என்று வரையறுத்தார். அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள் 2007இல் திருத்தி எழுதப்பட்டபோது, பொருள் வழுக்கும் 'ஷல்' நீக்கப்பட்டது. வழுக்கல் கற்பனையன்று. இந்திய அரசியல் சாசனத்தின் 320ஆம் கூறு, அரசு ஊழியர்மீதான ஒழுங்கு நடவடிக்கையில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிப்பதை 'ஷல்' என்ற சொல்லால் விதிக்கிறது. உத்தரப் பிரதேச அரசுக்கும் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவாவுக்கும் நடந்த வழக்கில், அந்தச் சொல் இருந்தும் கலந்தாலோசனை இல்லாததால் நடவடிக்கை செல்லாமல் போகாது என்று 1957இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வலிய சொல் நின்ற இடத்திலேயே கட்டாயம் மென்மையாயிற்று.

சட்டத் தமிழ் இந்த விஷயத்தில் பழமையைக் காத்திருக்கிறது. 'செய்ய வேண்டும்' என்னாமல் 'செய்தல் வேண்டும்' என்றும், தடைக்கு 'செய்தலாகாது' என்றும் எழுதும் வழக்கம் இலங்கைச் சட்டங்களில் உறுதியாக உண்டு. தொழிற்பெயரோடு வேண்டும் சேரும் இந்த அமைப்பு குறளிலேயே இருக்கிறது. செயலைப் பெயராக்கி நிறுத்துவதால் வேண்டப்படுவது எது என்பது தெளிவாகிறது. யாரால் என்பது மட்டும் இன்னும் எழுதுகிறவர் கையில்தான்.

அங்கேதான் நாம் தவறுகிறோம். 'நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்', 'குழந்தைகள் பாதுகாக்கப்பட வேண்டும்', 'ஏரி தூர்வாரப்பட வேண்டும்' என்று தீர்மானங்களும் தலையங்கங்களும் நாள்தோறும் எழுதப்படுகின்றன. வேண்டும் என்பதில் வேண்டுகிறவர் இடம் காலி. 'படு' வந்து செய்கிறவரையும் நீக்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் ஆளில்லாத கடமை யார் தலையிலும் ஏறுவதில்லை. இந்தக் குறைக்கு மொழியைப் பழிக்க முடியாது. ஐந்து கடமைக்கும் ஐந்து ஆளை நிறுத்திய மொழி இது, விளக்குக்கு நெய் அளக்கும் பொறுப்பைத் தன்மை விகுதியோடு கல்லில் பொறித்த மொழி இது.

சங்கத் தீர்மானம், பள்ளிச் சுற்றறிக்கை, ஊராட்சி மனு, மருந்துக் குறிப்பு எதை எழுதினாலும் வேண்டும் என்று முடிக்குமுன் எழுவாயை எழுதுங்கள். பொதுப்பணித் துறை தூர்வார வேண்டும் என்று எழுதுங்கள். தலைமையாசிரியர் பதில் தர வேண்டும் என்று எழுதுங்கள். எதன்படி என்று சொல்ல முடிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். தடை என்றால் கூடாது, கட்டாயமில்லை என்றால் வேண்டியதில்லை என்று பிரித்து எழுதுங்கள்.